கோர்ட்டைச் சுற்றிய கோழிக்குஞ்சு வண்டி

முட்டைக்கு வாய்தா கிடையாது. மழை வந்தாலும் சரி, மந்திரி வந்தாலும் சரி, இயந்திரத்துக்குள் வைத்த இருபத்தோராம் நாள் காலையில் அது ஓட்டை உடைத்துக்கொண்டுதான் நிற்கும். 'கொஞ்சம் பொறுத்துக்கோ, நாளைக்கு வா' என்றால் கேட்கிற ரகம் இல்லை.

இந்தச் சங்கதி வண்டிக்காரருக்குத் தெரியாததா? பத்தொன்பது வருடமாக அந்தப் பொரிப்பகத்தின் வண்டியை அவர்தான் ஓட்டுகிறார். அன்று பிறந்த கோழிக்குஞ்சுகளை அட்டைப்பெட்டிகளில் அடுக்கி, இரண்டரை மணி நேரம் தள்ளியிருக்கும் பண்ணைக்குக் கொண்டுபோய் இறக்குவது வேலை. பொரிப்பகத்திலும் பண்ணையிலும் எல்லாருக்கும் அவர் வண்டிக்காரர்தான். பேர் சொல்லிக் கூப்பிட்டால் அவரே ஒரு நிமிடம் யாரென்று தேடுவார்.

மூன்றாம் தேதி முட்டை வைத்தார்கள். ஐந்தாம் தேதி, வேகமாக ஓட்டிய வழக்குக்குக் கோர்ட்டிலிருந்து காகிதம் வந்தது. இருபத்துநாலாம் தேதி, காலை பத்து மணிக்கு ஆஜராகவும். வண்டிக்காரர் வாசற்படியில் நின்றபடியே விரலை மடக்கி எண்ணினார். ஒரு தடவை எண்ணியதில் நம்பிக்கை வராமல் இன்னொரு தடவை எண்ணினார்.

"போச்சுடா," என்றார்.

"என்னங்க போச்சு?" என்று உள்ளேயிருந்து மனைவி கேட்டாள். அவளுக்கும் அதே பொரிப்பகத்தில்தான் வேலை. குஞ்சுகளை எண்ணிப் பெட்டியில் போடுகிறவள்.

"இருபத்துநாலு கோர்ட்டு. இருபத்துநாலு பொரிப்பு."

"தேதியை மாத்திக் கேளுங்களேன்."

"எதை? கோர்ட்டையா, கோழியையா?"

ஏற்கெனவே ஒரு தடவை மாற்றிக் கேட்டாயிற்று. அப்போதும் பொரிப்பு நாள்தான் குறுக்கே வந்தது. கோர்ட்டு அலுவலகத்துக்குப் போன் போட்டதில், "ஒரு வாய்தாதான் கணக்கு. இந்தத் தடவை வரலேன்னா உங்க லைசென்ஸ் தானா முடங்கிடும்" என்று ஒரு குரல் சொல்லிவிட்டு வைத்தது. அபராதத்தைத் தபாலில் கட்டித் தொலைத்துவிடலாம் என்றால் அதிலும் வில்லங்கம். கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி. ஒரே வருடத்தில் இது மூன்றாவது சீட்டு. மூன்றை ஒப்புக்கொண்டால் லைசென்ஸ் போயிற்று. நேரில் போய்த் தக்க காரணம் சொன்னால், மாஜிஸ்திரேட் மனது வைத்தால், எச்சரித்து விட்டுவிடலாம். லைசென்ஸ் இல்லாத வண்டிக்காரரை வைத்துக்கொண்டு பொரிப்பகம் என்ன செய்யும்? முதலாளி நல்லவர்தான். ஆனால் கோழிக்குஞ்சு நல்லவர் கெட்டவர் பார்த்துக் காத்திருக்காதே.

"காரணம் இருக்குல்ல, அப்புறம் என்ன?" என்றாள் மனைவி.

"இருக்கு. இல்லாமயா வேகமாப் போனேன்?"

காரணம் இதுதான். அன்று பிறந்த குஞ்சுக்குத் தீனி வேண்டாம், தண்ணீர் வேண்டாம். முட்டைக்குள்ளிருந்த மஞ்சள் கருவை வயிற்றில் கட்டிக்கொண்டுதான் வெளியே வரும். இரண்டு நாளைக்கு அதுவே போதும். அதற்கு எமன் சூடு ஒன்றுதான். ஒரு பெட்டியில் நூறு குஞ்சுகள். நூறும் மூச்சுவிட்டு மூச்சுவிட்டுப் பெட்டியே சட்டிபோலக் கொதிக்கும். வண்டி ஓடினால் பக்கவாட்டுக் கம்பி வலை வழியாகக் காற்று புகுந்து சூட்டை வாரிக்கொண்டு போகும். மெதுவாகப் போனால் குஞ்சுகள் முதலில் அலறும், பிறகு அலகைப் பிளந்துகொண்டு மூச்சு வாங்கும், பிறகு சத்தம் அடங்கிவிடும். பின்னால் சத்தம் அடங்கிய நொடியில் வண்டிக்காரரின் வலது கால் தானாக அழுத்தும். அறுபதுக்குக் கீழே போனால் குஞ்சு சாகும் என்பது அவருடைய பத்தொன்பது வருடத்துச் சித்தாந்தம். ஐம்பதுக்கு மேல் போகக்கூடாத இடத்தில் எழுபத்தொன்றில் போனதும் அந்தச் சித்தாந்தப்படிதான்.

*

இருபத்துநாலாம் தேதி காலை ஏழு மணிக்குப் பொரிப்பு அறையின் கதவைத் திறந்தார்கள்.

அந்த அறையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனசு வரவில்லை. கதவைத் திறந்ததும் ஈரமான வெக்கை முகத்தில் அறையும். அலமாரி அலமாரியாகத் தட்டுகள். நேற்று மாலை பார்த்தபோது வெள்ளை வெளேரென்று கல் மாதிரி கிடந்த முட்டைகள். இன்று தட்டு முழுக்க மஞ்சள் மஞ்சளாக, ஈரம் காய்ந்த பஞ்சாக, நிற்கத் தெரியாத காலோடு எழுந்து விழுந்து எழுந்து நிற்கும். யாரும் கூப்பிடவில்லை, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இரண்டாயிரத்துச் சொச்சம் உயிர்கள் ஒரே ராத்திரியில் ஒருமித்து வந்து நிற்கின்றன. வண்டிக்காரர் இதை ஆயிரம் தடவைக்கு மேல் பார்த்திருப்பார். ஒரு தடவைகூட வாயை மூடிக்கொண்டு பார்த்ததில்லை.

"ஈ போகப்போகுது, வாயை மூடுங்க," என்றாள் மனைவி. அவள் அதற்குள் வேலையை ஆரம்பித்துவிட்டாள்.

அவள் கை வேலை செய்வது தனி அழகு. ஒரு கைக்கு ஐந்து குஞ்சு. அள்ளும்போதே நொண்டி, தொப்புள் ஆறாதது எல்லாம் விரலிடுக்கில் ஒதுங்கிவிடும். இரண்டு கையும் இரண்டரை முறை போய் வந்தால் இருபத்தைந்து, பெட்டியின் ஒரு அறை நிரம்பியது. நாலு அறை ஒரு பெட்டி. வாய் பாட்டுக்குப் பக்கத்து வீட்டுக் கதையைப் பேசிக்கொண்டே இருப்பாள், எண்ணிக்கை தப்பாது. எட்டே முக்காலுக்கு இருபத்துநாலு பெட்டியும் கட்டியாயிற்று.

வண்டியில் அடுக்குவது மட்டும் வண்டிக்காரரின் அதிகாரம். வலப்பக்கம் ஒன்பது, இடப்பக்கம் ஒன்பது, நடுவில் ஆறு. நடுப்பெட்டிகளை முழங்காலால் முட்டித்தான் உள்ளே தள்ள வேண்டும். அப்படி இறுக்கினால்தான் வளைவில் ஆடாது என்பார். அன்றும் முட்டித் தள்ளினார்.

"பத்து மணிக்குக் கோர்ட்டு. பத்து நிமிஷத்துல பேசிட்டு வந்துடுவேன். நீ வண்டியில உக்காந்து பாத்துக்க, போதும்," என்று மனைவியையும் ஏற்றிக்கொண்டார்.

பத்து மணி என்று காகிதத்தில் போட்டிருந்தால் பத்து மணிக்குக் கூப்பிடுவார்கள் என்று நம்பினார் பாருங்கள், அது பொரிப்பகத்து ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. அவர்கள் உலகத்தில் தேதி என்றால் தேதி, மணி என்றால் மணி. கோர்ட்டில் பத்து மணி என்றால் பத்து மணியிலிருந்து காத்திரு என்று அர்த்தம்.

*

கோர்ட்டு இரண்டு மாடிக் கட்டடம். சுற்றிலும் நாலு பக்கமும் ஒரே சீரான பாதை. பின்பக்கம் ஒரு பெரிய மரம். அதன் நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு வண்டிக்காரர் மாடிக்கு ஓடினார். வாசலில் ஒரு ஊழியர் வரிசைச் சீட்டு கொடுத்தார். எழுபத்துமூன்று.

"இதென்ன?"

"உங்க நம்பர்."

"எழுபத்திரண்டு பேர் பேசினப்புறமா நான்?"

"மாஜிஸ்திரேட் அம்மா இன்னும் வரவே இல்ல. வந்தப்புறம்தான் ஒண்ணாம் நம்பரே."

வண்டிக்காரர் கீழே ஓடி வந்து மனைவியிடம் சொன்னார். அவள் ஒன்றும் பதறவில்லை. பெட்டியின் துவாரத்தில் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"யாருக்குத் தெரியும்? நான் வேணா இப்பவே வண்டிய எடுத்துட்டுப் பண்ணைக்கே போயிடறேன். லைசென்ஸ் போனா போகட்டும்."

"போனா அப்புறம் என்ன செய்வீங்க? வீட்டுல உக்காந்து என் உயிரை வாங்குவீங்க. போங்க மேல. நிழல்ல தார்ப்பாயைத் தூக்கிவிட்டு விசிறிக்கிட்டு இருக்கேன். நான் பாத்துக்கறேன்."

"நிழல் நகர்ந்துடும்."

"நகர்ந்தா நானும் நகர்றேன். எங்கிட்டயும் லைசென்ஸ் இருக்கு, மறந்துடாதீங்க."

இருந்தது. எட்டு வருடத்துக்கு முன்னால் அவருக்குக் கால் முறிந்து மாவுக்கட்டு போட்டிருந்தபோது அவள் ஓட்டக் கற்று வாங்கியது. கட்டு பிரித்த அன்றே வண்டிச் சாவியை அவர் வாங்கிக்கொண்டார். அதன்பிறகு பொரிப்பக முற்றத்தில் வண்டியை முன்னே பின்னே நகர்த்துவதோடு சரி. ஆனாலும் லைசென்ஸைத் தவறாமல் புதுப்பித்துக்கொண்டுதான் இருந்தாள். எதற்கு என்று அவர் கேட்டதும் இல்லை.

வேறு வழியில்லாமல் சாவியைக் கொடுத்தார். கொடுக்கும்போது கை வலித்தது.

*

மேலே மர பெஞ்சுகளில் ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். வண்டிக்காரருக்கு இடம் கிடைத்தது ஒரு ரொட்டி வண்டிக்காரர் பக்கத்தில். அந்த ஆளின் சட்டையில் மாவு ஒட்டியிருந்தது. அவரும் வேகத்துக்குத்தான் வந்திருந்தார். எழுபத்திரண்டாம் நம்பர்.

"ரொட்டிக்கு என்னய்யா அவசரம்?" என்று கேட்டார் வண்டிக்காரர்.

"சூடா குடுக்கணுமே. உங்களுக்கு?"

"சூடாகாம குடுக்கணும்."

ரொட்டிக்காரர் சிரித்தார். ஜன்னல் ஓரம் அவருடையது. மாஜிஸ்திரேட் அம்மா பதினொன்றுக்கு வந்தார். ஒன்றாம் நம்பர் கூப்பிட்டார்கள். அது பத்து நிமிடம் ஆயிற்று. வண்டிக்காரர் மனதுக்குள் பெருக்கிப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார்.

அப்போதுதான் கீழே ஒரு அதட்டல் கேட்டது. ரொட்டிக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஒரு காவலாளி கத்துறாரு. 'இங்க நிறுத்தக் கூடாது, நீதிபதி வண்டி நிக்கிற எடம்'ங்கிறாரு. பச்சைத் தார்ப்பாய் போட்ட வண்டி. அது உங்களுதா?"

"ஐயையோ, எங்களுதுதான்."

"ஒரு அம்மா இறங்கி வந்து பேசுறாங்க. அவரு விட மாட்டேங்கிறாரு. இருங்க, பின்னாடி போயி என்னமோ பெட்டிய இறக்குறாங்க."

"பெட்டியையா? எதுக்கு?"

"நான் என்ன ஜோசியரா? இறக்குறாங்க, முன்னாடி சீட்டுல கொண்டுபோய் வைக்கிறாங்க. ஒண்ணு... ரெண்டு... ஆறு பெட்டி. இப்ப சேலை மாதிரி ஏதோ துணிய எடுத்து உள்ள இருக்கிற பெட்டியெல்லாம் இழுத்துக் கட்டுறாங்க. முடிஞ்சுது. ஏறிட்டாங்க. வண்டி கிளம்பிடுச்சு."

"எங்க போறா?"

"எங்கயும் போகல. கோர்ட்டைச் சுத்துறாங்க."

வண்டிக்காரருக்கு எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. எழுந்தால், "உக்காருங்க, கூப்பிடறப்ப இல்லேன்னா வரலேன்னு எழுதிடுவோம்" என்று ஊழியர் கண்ணை உருட்டினார். உட்கார்ந்தார். நகத்தைக் கடித்தார். கண்ணை மூடிக் காதைத் தீட்டிக்கொண்டார்.

முதல் சுற்றில் இஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. மூன்றாம் கியர். அடுத்த சுற்றில், ஜன்னலுக்கு நேரே வரும்போது, இஞ்சினுக்கு மேலே மெல்லிசாக ஒரு கீச்சு. பிறகு கட்டடத்தின் பின்னால் போய்க் கரைந்தது. மறுபடி வந்தது. கீச் கீச் கீச். அலறல் இல்லை. பயத்தில் கத்தினால் சத்தம் கூர்மையாக, பல்லைக் கூசவைக்கும்படி வரும். இது அப்படி இல்லை. தீனி கண்ட குஞ்சு பேசிக்கொள்கிற சத்தம்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. மெதுவாகத்தானே போகிறாள்? இந்த வேகத்தில் இந்நேரம் அடங்கியிருக்க வேண்டுமே.

இன்னொன்றையும் கவனித்தார். மூலைக்கு வரும்போது அவர் வளைவுக்குள் போய்த்தான் வேகத்தைக் குறைப்பார். பெட்டிக்குள் குஞ்சுகள் ஒரு ஓரமாகக் குவிந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறும். அவள் வளைவுக்கு ரொம்ப முன்னாலேயே காலை எடுத்துவிடுகிறாள். வண்டி தண்ணீர் திரும்புகிற மாதிரித் திரும்புகிறது. பிரேக் சத்தமே இல்லை. நாலு மூலையிலும் அப்படித்தான். இருபதாம் சுற்றிலும் அப்படித்தான். அந்த ஓட்டத்தையே கடிகாரமாகக் கோர்ட்டுச் சுவரில் மாட்டியிருக்கலாம், அவ்வளவு சீர்.

'இவளுக்கு இதெல்லாம் எப்பத் தெரிஞ்சுது?' என்று நினைத்தார். பக்கத்தில் படுத்துத் தூங்குகிறவளைப் பற்றி இத்தனை வருடம் ஒன்றும் தெரியாமல் இருந்திருக்கிறோமே என்று திகைப்பாக இருந்தது. பயமும் கொஞ்சம் இருந்தது.

*

எழுபத்துமூன்றாம் நம்பரைக் கூப்பிட்டபோது மணி ஒன்றரை.

மாஜிஸ்திரேட் அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். எதிர்ப்பக்கம் சீட்டு எழுதிய போலீஸ்காரர் நின்றிருந்தார். மேஜைமேல் வேகம் அளக்கும் கருவி, துப்பாக்கி மாதிரிப் பிடியோடு. அது சரியாக வேலை செய்கிறது என்பதற்கான சான்றிதழையும் பக்கத்தில் வைத்திருந்தார். கெட்டிக்காரர்.

"ஐம்பது போக வேண்டிய எடத்துல எழுபத்தொண்ணு. ஒத்துக்கறீங்களா?" என்றார் மாஜிஸ்திரேட்.

"போனது உண்மைதாம்மா. ஆனா காரணம் இருக்கு."

"சொல்லுங்க."

வண்டிக்காரர் சொன்னார். மூன்று வாரமாக மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தார். சூடு, காற்று, சத்தம் அடங்குவது எல்லாம் சொன்னார். அதில் நடிப்பு இல்லை. "அறுபதுக்குக் கீழ போனா செத்துடும்மா. பச்சைப் பிள்ளைங்க மாதிரி. அன்னைக்கு சார் என்னை நிறுத்தி வச்சு எழுதின பதினோரு நிமிஷத்துல நாப்பது குஞ்சு செத்துச்சு. நான் வேகத்துக்கு ஆசைப்பட்டு ஓட்டலம்மா. உயிருக்காக ஓட்டினேன்."

கோர்ட்டில் ஒரு இரக்கம் பரவியது. ரொட்டிக்காரர் 'த்சு த்சு' என்றார். அவருடைய வழக்கு முடிந்துவிட்டது, அபராதம் கட்டிவிட்டுப் போகாமல் வேடிக்கை பார்க்க உட்கார்ந்திருந்தார்.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று மாஜிஸ்திரேட் போலீஸ்காரரைக் கேட்டார்.

"குஞ்சு செத்தது எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சும்மா. ஆனா அந்த எடத்துல ஆளுங்க ரோட்டைக் கடக்குற கோடு இருக்கு. பக்கத்துல ஆஸ்பத்திரி. இவரு வர்றப்ப ஒரு பெரியவர் கோட்டுல கால் வைக்கப் போயி, இவரு வேகத்தைப் பாத்து எடுத்துட்டாரு. எடுக்காம இருந்திருந்தா நான் சீட்டு எழுதியிருக்க மாட்டேன், வேற எழுதியிருப்பேன்."

வண்டிக்காரருக்கு அந்தப் பெரியவரைப் பார்த்த ஞாபகமே இல்லை. அன்று அவர் காது பின்னால், பெட்டிகளில் இருந்தது. தலை குனிந்தது.

அப்போது அந்தச் சத்தம் மறுபடி ஜன்னல் வழியாக வந்து போயிற்று. மாஜிஸ்திரேட் பேனாவை வைத்தார்.

"நானும் ரெண்டு மணி நேரமாப் பாக்கறேன். அது என்ன வண்டி, கோயில் பிரகாரம் மாதிரி சுத்திக்கிட்டே இருக்கு?"

வண்டிக்காரர்தான், "எங்க வண்டிதாம்மா. உள்ள கோழிக்குஞ்சு. என் வீட்டுக்காரி ஓட்டுறா. நிறுத்தினா செத்துடும்னு..." என்று இழுத்தார்.

"லைசென்ஸ் இருக்கா அவங்களுக்கு?"

"இருக்கும்மா. எட்டு வருஷமா இருக்கு."

மாஜிஸ்திரேட் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். பிறகு எழுந்தார். அவர் எழுந்ததும் கோர்ட்டே எழுந்தது. நேரே ஜன்னலுக்குப் போய் நின்றார்.

"இது பதிவுக்கு இல்ல," என்று எழுத்தரிடம் சொல்லிவிட்டு, போலீஸ்காரரைத் திரும்பிப் பார்த்தார். "அந்தக் கருவிய எடுத்துட்டு வாங்க."

போலீஸ்காரர் ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டிப் பிடித்தார். பச்சைத் தார்ப்பாய் வண்டி மூலை திரும்பி நீளப் பாதையில் வந்தது. விசையை அழுத்தினார்.

"இருபத்திரண்டும்மா."

எல்லாரும் மூச்சைப் பிடித்துக் கேட்டார்கள். வெயில் கொளுத்துகிறது, வண்டி இருபத்திரண்டில் வருகிறது, ஆயிரக்கணக்கான சின்னத் தொண்டைகள் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டு கீழே கடந்து போகின்றன. வண்டி மறைந்த பிறகும் அந்தச் சத்தம் கொஞ்ச நேரம் அறைக்குள் இருந்தது.

"இன்னொரு தடவை," என்றார் மாஜிஸ்திரேட்.

வண்டி சுற்றி வந்தது. "இருபத்திரண்டு."

மூன்றாம் தடவை போலீஸ்காரர் எண்ணைப் பார்த்துவிட்டுக் கருவியைத் தட்டிப் பார்த்தார். "இருபத்திரண்டேம்மா. என் சர்வீசுல மூணு தடவை ஒரே நம்பர் வந்து பாத்ததில்ல."

ரொட்டிக்காரர் தன்னையறியாமல் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். யாரும் சிரிக்கவில்லை. வண்டிக்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். முன் கண்ணாடிக்குப் பின்னால் அவள் முகம் தெரிந்தது. உதடு அசைந்தது. யாரிடம் பேசுகிறாள்? பக்கத்து சீட்டில் இருக்கிற குஞ்சுகளிடம்தான் போல. அந்த நிமிடம் தன் லைசென்ஸ், வேலை, வயிறு எதுவும் ஞாபகத்தில் இல்லை. அவள் ஓட்டுவதைப் பார்த்தால் போதும் என்றிருந்தது.

மாஜிஸ்திரேட் நாற்காலிக்குத் திரும்பினார். குரலில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"அறுபதுக்குக் கீழ போனா செத்துடும்னு சொன்னீங்க."

"ஆமாம்மா."

"ரெண்டு மணி நேரத்துக்கு மேலா இருபத்திரண்டுல சுத்துது. சாகலையே?"

வண்டிக்காரர் ஜன்னலைப் பார்த்தார். பொய் சொல்லவில்லை என்று எப்படிச் சொல்வது? பொய் சொல்லவும் இல்லை, உண்மையும் இல்லை.

"உங்க வீட்டுக்காரம்மா என்ன மாயம் பண்ணினாங்க?"

"தெரியலம்மா," என்றார். "சத்தியமா எனக்குத் தெரியல."

"எனக்கும் தெரியல. ஆனா உயிரைக் காப்பாத்த வேகம் வேணும்னு நீங்க சொன்ன காரணம் இப்ப என் கண்ணு முன்னாடியே இல்லாமப் போச்சு. அந்தப் பெரியவர் கோட்டுல காலை வச்சிருந்தா நாம இப்ப இப்படி நின்னு பேசிக்கிட்டு இருக்க மாட்டோம்." அவர் எழுதினார். "அபராதம் உண்டு. மூணு மாசம் வண்டி ஓட்டக் கூடாது. லைசென்ஸை இங்க வச்சுட்டுப் போங்க."

சட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். தேய்ந்து போன அட்டை. பை வெறுமையாகத் தொங்கியது.

*

கீழே வந்து பாதையோரம் நின்றார். வண்டி திரும்பி வந்தது. கையை ஆட்டினார்.

"நிறுத்த மாட்டேன், ஓடி வந்து ஏறுங்க!" என்று கத்தினாள்.

ஓடினார். வலப்பக்கம் போகப் பார்த்து, சுதாரித்து இடப்பக்கம் ஓடினார். கதவை இழுத்தார். திறக்கவில்லை. பத்தொன்பது வருடமாக ஓட்டுகிற வண்டி, இடப்பக்கக் கதவு இப்படி மக்கர் செய்யும் என்று அவருக்குத் தெரியாது.

"மேல தூக்கி இழுங்க! தூக்கி!"

தூக்கி இழுத்தார், திறந்தது. சீட்டு முழுக்கப் பெட்டி. இரண்டைக் காலடியில் தள்ளி, நான்கை மடியில் அடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். மேல்பெட்டி மூக்கை இடித்தது. சாலை தெரியவில்லை.

"என்னாச்சு?"

"மூணு மாசம்."

அவள் கியரை மாற்றினாள். கோர்ட்டு வாசலைத் தாண்டிப் பெரிய சாலைக்குத் திரும்பினாள்.

"இனிமே முதலாளிகிட்ட என்ன சொல்றது?"

"நான் ஓட்டறேன்னு சொல்றது."

அவர் காதைத் தீட்டிக்கொண்டே வந்தார். பின்னால் சத்தம் அடங்கவில்லை. முன்னால், மூக்குக்கு நேரே, நானூறு குஞ்சுகள் பேசிக்கொண்டிருந்தன. துவாரம் வழியாக ஒரு அலகு வந்து அவர் சட்டைப் பொத்தானைக் கொத்தியது. இவ்வளவு கிட்டத்தில் அவற்றை வைத்துக்கொண்டு போனதில்லை. எப்போதும் முதுகுக்குப் பின்னால்தான்.

"எவ்வளவுல போற?"

"நாப்பத்தெட்டு."

"ஆஸ்பத்திரி வந்துடுச்சா?"

"வந்துடுச்சு. இருங்க, ஆள் கடக்குது."

வண்டி நின்றது. முழுசாக நின்றது. வண்டிக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைக் கொடுத்தார். பத்து நொடி, இருபது நொடி. யாரோ கம்பை ஊன்றி நடக்கிற டொக் டொக் கேட்டது. அரை நிமிடம் ஆகியிருக்கும். குஞ்சுகள் பேச்சை நிறுத்தவே இல்லை. வண்டி மறுபடி நகர்ந்தது.

"என்னடி பண்ணின?" என்றார்.

"ஒண்ணும் பண்ணல. நடுவரிசைய எடுத்துட்டேன். நடுவுல சந்து விட்டா காத்து முன்னாடி புகுந்து பின்னாடி போகுது. எல்லாப் பெட்டிக்கும் ஒரு பக்கமாவது காத்து. அவ்வளவுதான்."

"ஆடாதா?"

"துணி போட்டுக் கட்டினா எதுக்கு ஆடுது?"

அவ்வளவுதான். ஒரு சந்து. ஒரு துணி. வண்டிக்காரர் பெட்டியின்மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். ஒவ்வொரு நடையிலும் முப்பது சாகும், நாற்பது சாகும். பண்ணையில் இறக்கும்போது பொறுக்கி ஓரமாகப் போடுவார். 'வெயில்' என்பார், 'போலீஸ்' என்பார், 'சாலை சரியில்லை' என்பார். பண்ணைக்காரரும் 'என்ன செய்யறது' என்பார். செத்ததெல்லாம் எந்தப் பெட்டியில் இருந்தன என்று இப்போது நினைத்துப் பார்த்தார். பெரும்பாலும் நடுவரிசை. அவர் முழங்காலால் முட்டித் தள்ளிய ஆறு பெட்டி. வாரத்துக்கு இரண்டு நடை, பத்தொன்பது வருடம். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, துடைக்கக் கை இல்லை.

"உனக்கு இது எப்பத் தெரியும்?"

"ரொம்ப நாளாவே தெரியும். பெட்டி திரும்பி வர்றப்ப எதுல நாத்தம் அடிக்குதுன்னு கழுவுறவளுக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே. ரெண்டு தடவை சொன்னேன்."

வண்டிக்காரர் நினைவைத் துழாவினார். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததுதான் அவரைப் பயமுறுத்தியது.

"நான் என்ன சொன்னேன்?"

அவள் கண்ணாடியைப் பார்த்தாள், வேகத்தைக் குறைத்தாள்.

"வளைவு வருது," என்றாள். "பெட்டியப் புடிச்சுக்குங்க."

அவர் நான்கு பெட்டிகளையும் இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.